அதிபர் நன்றாகத்தான் பேசினார்!

1919, அக்டோபர் 2. வாஷிங்டன், வெள்ளை மாளிகை. காலை நேரம்.

அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தபடி தண்ணீர் பாட்டிலை எடுக்கப் பார்க்கிறார். முடியவில்லை. இடது கை துணி மாதிரித் தொங்குகிறது. மனைவி எடித் அவரைக் கைத்தாங்கலாக பாத்ரூம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, டாக்டருக்கு போன் செய்ய ஓடுகிறார். திரும்பி வந்து பார்த்தால் அதிபர் தரையில், நினைவில்லாமல்!

பக்கவாதம். மூளையின் வலது பாதியில் அடி. அதனால் உடம்பின் இடது பாதி போய்விட்டது.

வேளையும் சரியில்லாத வேளை. முதல் உலகப் போர் முடிந்து, 'இனி போரே வேண்டாம்' என்று சர்வதேச சங்கம் ஒன்றை ஆரம்பிக்க வில்சன் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார். அதற்கு செனட் சம்மதம் வேண்டும். செனட்டில் எதிர்ப்பு. 'சரி, மக்களிடமே போய்க் கேட்கிறேன்' என்று ரயில் ஏறி, 22 நாளில் சுமார் 8,000 மைல் சுற்றி, தொண்டை வறள வறளப் பேசினார். கொலராடோ மாநிலத்தில் பியூப்லோ என்ற ஊரில் பேசி முடித்த இரவு உடம்பு படுத்துவிட்டது. மீதிப் பயணம் ரத்து. வீடு திரும்பி நாலாவது நாள் இது.

அதற்குப் பிறகு வெள்ளை மாளிகையில் நடந்தது ஒரு நாடகம். டாக்டர் கேரி கிரேசன் பத்திரிகைகளுக்குச் சொன்னது 'நரம்புத் தளர்ச்சி, ஓய்வு தேவை' என்பதுதான். பக்கவாதம் என்ற விஷயம் வெளியே கசிய நாலு மாதம் ஆயிற்று. அமைச்சர்கள் கொண்டுவரும் ஃபைல்கள் எடித் கைக்குப் போகும். எது அதிபரிடம் போகவேண்டும், எப்போது போகவேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்வார். 'நான் எந்த முடிவும் எடுக்கவில்லை. எது முக்கியம், எதை எப்போது காட்டுவது என்பதை மட்டும்தான் பார்த்துக்கொண்டேன்' என்கிற ரீதியில் பிற்பாடு தன் வரலாற்றில் எழுதினார் அந்த அம்மாள். எது முக்கியம் என்று தீர்மானிப்பதைவிடப் பெரிய முடிவு வேறென்ன இருக்கிறதோ, தெரியவில்லை!

செனட்டர்களுக்கு சந்தேகம். டிசம்பர் 5-ம் தேதி இரண்டு பேர் கிளம்பி வந்தார்கள். ஒருவர் ஹிட்ச்காக், அதிபரின் கட்சி. இன்னொருவர் ஆல்பர்ட் ஃபால், எதிர்க்கட்சி. மெக்ஸிகோவில் ஓர் அமெரிக்கத் தூதரக அதிகாரி கடத்தப்பட்ட விவகாரம் பற்றிப் பேசவேண்டும் என்பது வெளியே சொன்ன காரணம். உண்மையில், மனிதருக்கு புத்தி தெளிவாக இருக்கிறதா என்று நேரில் பார்ப்பதற்காக வந்தார்கள்.

அறை பக்காவாகத் தயார் செய்யப்பட்டிருந்தது. இடது கை போர்வைக்குள். பார்க்கவேண்டிய காகிதங்கள் வலது கைப் பக்கம். வந்தவர்கள் உட்காருவதும் வலது பக்கமே. வில்சன் நன்றாகப் பேசினார். கிண்டல் அடித்தார். மெக்ஸிகோ விஷயம் தெரிந்திருந்தது. நடுவில் டாக்டர் உள்ளே வந்து, 'கடத்தப்பட்டவர் விடுதலையாகிவிட்டார்' என்று செய்தி வேறு சொன்னார். சினிமாவில் வைத்தால் நம்பமாட்டோம்! வெளியே வந்த ஃபால், அதிபர் மெக்ஸிகோ விவகாரத்தைக் கையாளும் நிலையில்தான் இருக்கிறார் என்று நிருபர்களிடம் ஒப்புக்கொண்டார்.

பரீட்சையில் அதிபர் பாஸ். ஆனால், வைத்த பரீட்சையே தப்பு.

பேச்சு, ஞாபகம், நகைச்சுவை... இதெல்லாம் வில்சனிடம் இருந்தன. இல்லாமல் போயிருந்தது வேறு. கல்யாண வீடுகளில் ஒருவரைப் பார்த்திருப்பீர்கள். தோளில் துண்டோடு அலைவார். அவர் சமைக்கமாட்டார், மேளம் வாசிக்கமாட்டார், மாலை கட்டமாட்டார். ஆனால், முகூர்த்தத்துக்குள் எது முடியவேண்டும், ஐயர் வர லேட்டானால் எதை முன்னால் தள்ளலாம், பாயசம் போதாவிட்டால் யாரை எங்கே அனுப்பலாம் என்பதெல்லாம் அவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அவர் ஒருத்தர் மட்டும் வராவிட்டால் என்னாகும்? சமையல்காரர் இருப்பார், மேளக்காரர் இருப்பார், மாப்பிள்ளையும் இருப்பார். கல்யாணம் நடக்காது.

நம் மூளையிலும் அப்படி ஒரு 'துண்டுக்காரர்' உண்டு. முன் மூளையை மையமாக வைத்து வேலை செய்கிற ஒரு கூட்டணி. திட்டம் போடுவது, வரிசைப்படுத்துவது, ஒன்று சரிவரவில்லை என்றால் வழியை மாற்றுவது, அவசரப்பட்டுச் செய்யாமல் அடக்கிக்கொள்வது, செய்ததைச் சரிபார்ப்பது... எல்லாம் அதன் பொறுப்பு. மருத்துவத்தில் இதை 'எக்ஸிக்யூட்டிவ் ஃபங்ஷன்' என்கிறார்கள். நாட்டின் தலைமை எக்ஸிக்யூட்டிவுக்கு அதுவே லீவில் போனது சரித்திரத்தின் குரூரமான ஜோக்.

1920 ஏப்ரல் 14. பக்கவாதத்துக்குப் பிறகு முதல் அமைச்சரவைக் கூட்டம். அங்கே இருந்த டேவிட் ஹூஸ்டன் என்ற அமைச்சர் பின்னால் எழுதியிருக்கிறார்: அதிபர் முதலில் ஒரு ஜோக் சொன்னார், அப்புறம் மௌனம். பேசப்படும் விஷயத்தில் மனசை நிறுத்த முடியாமல் தடுமாறினார். டாக்டர் அடிக்கடி எட்டிப் பார்த்தார். கடைசியில் எடித் உள்ளே வந்து, போதும் கிளம்பலாம் என்கிற மாதிரி முடித்துவைத்தார்.

இதற்குள் அவருடைய கனவு செத்துப்போயிருந்தது. சில திருத்தங்களை ஏற்றுக்கொண்டால் ஒப்பந்தம் செனட்டில் தேறிவிடும் என்று சொந்தக் கட்சிக்காரர்களே கெஞ்சினார்கள். வில்சன் அசையவில்லை. 1920 மார்ச் 19-ல் நடந்த கடைசி ஓட்டெடுப்பில் ஆதரவு 49, எதிர்ப்பு 35. மூன்றில் இரண்டு பங்குக்கு 7 ஓட்டு குறைவு. அமெரிக்கா இல்லாமலே சர்வதேச சங்கம் நடந்தது. இதைவிட ஆச்சரியம், இந்த உடம்போடு மூன்றாவது முறையும் போட்டியிடலாம் என்று அந்த வருஷம் அவர் ஆசைப்பட்டதுதான்! தனக்கு எவ்வளவு போயிருக்கிறது என்பதே தெரியாமல் இருப்பது, வலது மூளை அடிபட்டவர்கள் பலரிடம் காணப்படும் அறிகுறி. பொய் சொல்லவில்லை, வீம்பும் இல்லை. நிஜமாகவே தெரியாது.

ஒப்பந்தம் தோற்றதற்குப் பக்கவாதம்தான் காரணமா? சரித்திர ஆசிரியர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எட்வின் வெய்ன்ஸ்டீன் என்ற நரம்பியல் டாக்டர் 1981-ல் ஒரு புத்தகமே எழுதி, மூளை நோயைப் பெரிய காரணமாகக் காட்டினார். 'சும்மா இருங்க சார், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த காலத்திலேயே அந்த மனுஷன் யாருக்கும் இறங்கிவராதவர்தான்' என்பது எதிர்க் கட்சி. என் கணிப்பு: இரண்டும் சேர்ந்திருக்கும். பிடிவாதம் பழையது. 'சரி, வேறு வழி பார்ப்போம்' என்று அந்தப் பிடிவாதத்தைத் தட்டிக்கொடுத்துத் திருப்பும் ஆள்தான் புதிதாகக் காணாமல் போயிருந்தார்.

இந்தக் கோளாறுக்கு மருந்தாகப் பின்னாளில் வரவிருந்த துறை, வில்சனுக்குப் பக்கவாதம் வருவதற்கு இரண்டரை வருஷம் முன்புதான் பிறந்திருந்தது. அதே அமெரிக்காவில்!

நியூயார்க் மாநிலத்தில் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்று சின்ன ஊர். 1917 மார்ச் மாதம் அங்கே ஒரு வீட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் கூடினார்கள். வீட்டின் பெயர் 'ஆறுதல் இல்லம்'. உரிமையாளர் ஜார்ஜ் பார்ட்டன், கட்டடக்கலை நிபுணர். காசநோய் வந்து நொந்தவர். பனியில் இடது பாதம் மரத்து அழுகி, அறுவை சிகிச்சையில் ஒரு பகுதி போனது. அதற்குப் பிறகு இடது பக்கம் முழுக்கச் செயலிழந்தது. வில்சனுக்கு வந்த மாதிரி ரத்தக்குழாய் சமாச்சாரம் இல்லை. மனது உடம்பை முடக்கிப்போடும் வகை. பார்ட்டன் தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்து செய்தே தன்னை மீட்டுக்கொண்டார். 'எனக்குப் பலித்தது மற்றவர்களுக்கும் பலிக்காதா?' என்று அவர் கூட்டிய கூட்டத்தில்தான் 'ஆக்குபேஷனல் தெரபி' என்ற துறைக்கு ஒரு சங்கம் உண்டானது.

பெயரைக் கேட்டு, வேலை வாங்கித் தரும் சிகிச்சை என்று இன்றைக்கும் நினைக்கிறவர்கள் உண்டு. இங்கே 'ஆக்குபேஷன்' என்றால் மனிதன் தன் பொழுதை எதில் செலவிடுகிறானோ, அது எல்லாமே. பல் தேய்ப்பது, கணக்கு எழுதுவது, பேரனை ஸ்கூலில் விடுவது, மீன் வாங்கப் போவது எல்லாம் இதில் சேர்த்தி. பிசியோதெரபிஸ்ட் கையைத் தூக்கவைக்கிறார் என்றால், அந்தக் கையால் சட்டை போட்டுக்கொண்டு ஆபீஸ் போகவைப்பது இவர்.

1918-ல் அமெரிக்க ராணுவம் இந்த வேலைக்காகவே பெண்களைப் பயிற்சி கொடுத்து பிரான்ஸுக்கு அனுப்பியது. வெள்ளை மாளிகை இருக்கும் அதே வாஷிங்டனில், வால்டர் ரீட் ராணுவ ஆஸ்பத்திரியில், கை கால் போன சிப்பாய்கள் நெசவும் மரவேலையும் செய்துகொண்டிருந்தார்கள். அதே நகரத்தில் அவர்களுடைய தலைமைத் தளபதி மாடி அறையில் ஒளித்துவைக்கப்பட்டிருந்தார். மாளிகைக்குள் நகர்வதற்கு ஒரு தள்ளுநாற்காலி, பொழுதுபோக ஹாலில் சினிமா. அவ்வளவுதான்.

எடித்தைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. தெரபிஸ்ட்டைக் கூப்பிட்டிருந்தாலும், அன்றைக்கு இருந்த கூடை முடைவதும் தறி நெய்வதும் கைக்குப் பயிற்சி, மனசுக்கு ஆறுதல். யோசனைக்கு, திட்டமிடும் திறனுக்கு அடி விழும், அதைத் தனியாகப் பார்க்கவேண்டும் என்ற எண்ணமே அப்போது தெளிவாக இல்லை. ஜெர்மனியில் கர்ட் கோல்ட்ஸ்டீன் என்ற டாக்டர், போரில் தலையில் குண்டடி பட்ட சிப்பாய்களைப் பட்டறையில் வேலை செய்யவிட்டு மாதக்கணக்கில் கவனித்துக்கொண்டிருந்தார்.

அந்த எண்ணத்தை அழுத்தமாகப் பதிய வைத்தது ஒரு ராத்திரி சாப்பாடு.

கனடாவின் மான்ட்ரியல் நகரம். வைல்டர் பென்ஃபீல்ட், மூளை அறுவை சிகிச்சையில் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றவர். 1928 டிசம்பரில் ஒரு பெண்மணியின் வலது முன் மூளையில் பெரிய கட்டி. கட்டியோடு சேர்த்து அந்தப் பகுதியையே பெருமளவு வெட்டி எடுக்கவேண்டி வந்தது. வெட்டியவர் பென்ஃபீல்ட். படுத்திருந்தவர் அவருடைய கூடப்பிறந்த அக்கா ரூத்! சொந்த அக்காவின் மண்டையைத் திறக்க எந்த டாக்டருக்குத் துணிச்சல் வரும்? இவர் செய்தார்.

ரூத் ஆறு பிள்ளைகளின் தாய். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பினார். பேச்சு, பழக்கவழக்கம், ஞாபகம், அன்பு எல்லாம் பழையபடியே. பார்த்தவர்கள் ஒரு குறையும் சொல்லமுடியாது. சுமார் பதினைந்து மாதம் கழித்து, தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டார். விருந்தாளி அவர் ஒருவர்தான். வீட்டு ஆட்கள் நாலு பேர். எளிமையான சமையல். வருஷக்கணக்கில் பெரிய குடும்பத்துக்கே சமைத்துப் போட்டவருக்கு இது ஜுஜுபி. பகல் முழுக்க நேரமும் இருந்தது.

தம்பி வந்தபோது அக்கா சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். சாமானெல்லாம் அங்கேதான் இருந்தது. ஒன்றிரண்டு அடுப்பில் ஏறியிருந்தன. சாலட் தயாராகவில்லை. கறியைத் தொடவே இல்லை. நாள் முழுக்கத் தனியாகப் போராடி, குழம்பி, முகம் வாடி நின்றார். கூட ஒருத்தர் சேர்ந்துகொண்டதும் மளமளவென்று எல்லாம் தயாராகி, விருந்து நன்றாகவே நடந்தது.

இந்தக் காட்சியை மனதில் ஓட்டிப் பாருங்கள். அவருக்கு எந்த ஐட்டமும் செய்யத் தெரியாமல் போகவில்லை. நாலு ஐட்டத்தை ஒரே நேரத்துக்கு இறக்கிவைப்பதுதான் முடியவில்லை. இந்தப் பக்கம் குக்கர் விசில், அந்தப் பக்கம் தாளிப்பு, நடுவில் புளியைக் கரைத்து, ரசம் பொங்குவதற்குள் அப்பளம் பொரிக்கிறார்களே நம் வீட்டில், அதெல்லாம் என்ன பெரிய வேலை என்று நினைப்பவர்கள் கொஞ்சம் எழுந்து நின்று கும்பிடலாம். மூளையின் மிக உயர்ந்த பகுதி செய்கிற வேலை அது!

ரூத் 1931-ல் இறந்துபோனார். 1935-ல் 'பிரெய்ன்' என்ற மருத்துவ இதழில் பென்ஃபீல்டும் ஜோசஃப் எவன்ஸும் எழுதிய கட்டுரையில் இந்தச் சமையலறைக் காட்சி இடம்பெற்றது. நரம்பியல் புத்தகங்களில் இன்றுவரை அது சுற்றிக்கொண்டிருக்கிறது. ரூத்துக்கு வந்தது கட்டி, பக்கவாதம் அல்ல. ஆனால், அடி எதனால் விழுந்தாலும், துண்டுக்காரர் காணாமல்போனால் வீடு இப்படித்தான் ஆகும்.

சரி, காணாமல்போனவரைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

இரண்டாவது உலகப் போரின்போது சோவியத் யூனியனில், யூரல் மலைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், அலெக்ஸாண்டர் லூரியா தலையில் குண்டடி பட்ட வீரர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவர் கவனித்த ஒரு விசித்திரம்: முன் மூளை மோசமாக அடிபட்டவரிடம் 'விளக்கு எரிந்தால் இந்தப் பந்தை அமுக்கு' என்பார்கள். விளக்கு எரியும். 'ஆமாம், அமுக்கணும்' என்பார். கை அமுக்காது! சொல்லுக்கும் செயலுக்கும் நடுவே கம்பி அறுந்துவிட்டது. சின்னக் குழந்தைகள் 'இப்ப இதை இங்க வெக்கணும்... அப்புறம் இது' என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பேச்சுதான் வளர வளர உள்ளே போய் நம்மை நடத்துகிறது என்பது லூரியாவும் அவர் சகா வைகோட்ஸ்கியும் வைத்திருந்த கொள்கை. அறுந்துபோன இடத்தில் வெளியிலிருந்து ஒரு பாலம் போட்டால்? எழுதி வைத்த வரிசை, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யும் பழக்கம்... இந்த யோசனையைக் கனடாவில் டொனால்ட் மைக்கன்பாம் என்ற உளவியலாளர் 1970-களில் துறுதுறுப்பான குழந்தைகளிடம் முயன்று பார்த்தார். அதைப் பிடித்துக்கொண்டு ஹெலன் போலடாய்கோ, ஏஞ்சலா மாண்டிச் என்ற இரண்டு கனடாக்காரர்கள் ஒரு சிகிச்சை முறையையே வகுத்தார்கள். அதுவும் முதலில் குழந்தைகளுக்குத்தான். பக்கவாதம் வந்த பெரியவர்களுக்கு அப்புறம்தான் வந்தது.

முறை ரொம்ப எளிது. நாலே வார்த்தை. இலக்கு, திட்டம், செய், சரிபார். அவருக்கு வேண்டிய காரியத்தை அவரே சொல்லவேண்டும். 'பாங்க்குக்குத் தனியாகப் போகணும்' என்கிறாரா? சரி. எப்படிப் போவீர்கள் என்று கேட்பார் தெரபிஸ்ட். இப்படிப் போங்கள் என்று சொல்லமாட்டார். அவர் போடும் திட்டத்தில் பாஸ்புக் விட்டுப்போயிருந்தால்கூட வாயைத் திறக்கமாட்டார். போய், திரும்பி, 'எங்கே இடிச்சது?' என்று இருவருமாகப் பார்ப்பார்கள். அடுத்த திட்டத்தில் பாஸ்புக் தானாக வந்து உட்காரும். நமக்குப் பார்க்கவே பொறுமை போய்விடும். ஆனால், தன் குறை தனக்கே தெரியாதவருக்கு அதை நூறு தடவை சொல்லிக் காட்டுவதைவிட, ஒரு தடவை அவரே முட்டிக்கொண்டு கண்டுபிடிப்பதில்தான் பலன் என்பது இவர்கள் கட்சி.

அதற்கு முன்னால், கோளாறு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டுமே! செனட்டர்கள் வைத்த மாதிரிப் பரீட்சை உதவாது. 1991-ல் லண்டனில் டிம் ஷாலிஸ், பால் பர்ஜஸ் இருவரும் ஒரு காரியம் செய்தார்கள். தலையில் அடிபட்ட மூன்று பேர். அறிவுத் தேர்வு வைத்தால் மூவருமே சராசரிக்கு மேல். ஆனால், வெளி வாழ்க்கை குட்டிச்சுவர். அவர்களைக் கடைத்தெருவுக்கு அனுப்பினார்கள், கையில் ஒரு லிஸ்ட்டோடு. பிரெட் வாங்கு, தொண்டைக் கரகரப்புக்கு மிட்டாய் வாங்கு, கிளம்பிய பதினைந்தாவது நிமிஷம் இன்ன இடத்தில் நில், ஒரு பவுண்டு தக்காளி என்ன விலை, நேற்று பிரிட்டனிலேயே குளிர் அதிகமான ஊர் எது என்று விசாரித்து கார்டில் எழுதி தபாலில் போடு. கூடவே சில விதிகள்: முடிந்தவரை குறைவாகச் செலவு செய், வாங்குவதற்கு இல்லாமல் கடைக்குள் நுழையாதே. நாமாக இருந்தால் ஒரு சுற்றில் முடித்துவிட்டு டீ குடிப்போம். அவர்கள் திணறிப்போனார்கள். மேஜையில் உட்காரவைத்து வைத்த பரீட்சையில் தெரியாத ஓட்டை, கடைத்தெருவில் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது.

அமெரிக்காவில் கரோலின் பாம் என்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இதைச் சமையலறைக்கே கொண்டுவந்தார். 2008-ல் பக்கவாத நோயாளிகளிடம் சோதித்து வெளியிட்ட அவருடைய குழுவின் பரீட்சையில் நாலு வேலைகள்: ஓட்ஸ் கஞ்சி வைப்பது, போன் செய்வது, மாத்திரை எடுத்துக்கொள்வது, பில் கட்டுவது. எனக்கு இதில் பிடித்த விஷயம் மார்க் போடும் விதம். செய்தாரா இல்லையா என்பதல்ல கேள்வி, எவ்வளவு உதவி தேவைப்பட்டது என்பதுதான். தானாகவே செய்தால் பூஜ்யம். 'அடுத்து என்ன?' என்று கேட்டாலே போதுமா? கையைக் காட்டவேண்டுமா? 'அடுப்பை அணையுங்க' என்று நேராகச் சொல்லவேண்டுமா? கூடவே பிடித்துச் செய்யவேண்டுமா? அல்லது அவருக்காக நாமே செய்துவிடவேண்டுமா? இப்படி ஐந்து படி. வீட்டில் பெரும்பாலும் நடப்பது என்ன? பாசத்தில், அல்லது அவசரத்தில், நேராக ஐந்தாவது படிக்குத் தாவிவிடுகிறோம். எடித் வில்சன் செய்ததும் அதுதான்.

இங்கிலாந்தில் பார்பரா வில்சன் (அதிபருக்கும் இவருக்கும் பெயர் மட்டும்தான் ஒற்றுமை) வேறு ரூட் பிடித்தார். மூளை அடிபட்ட ஒரு பையனின் தகப்பனாரான அமெரிக்க எஞ்சினீயர், நரம்பியல் உளவியலாளர் ஒருவரோடு சேர்ந்து உருவாக்கிய பேஜர் அது. 'மாத்திரை போடு', 'டிபன் பாக்ஸ் எடு' என்று குறித்த நேரத்தில் பீப் அடிக்கும். 143 பேரிடம் நடத்திய ஆய்வு 2001-ல் வெளிவந்தது. முடித்தவர்களில் ஐந்தில் நாலு பேருக்கு மேல் பேஜர் இருந்தபோது முன்பைவிடக் குறிப்பிடத்தக்க அளவு அதிகமாகக் காரியங்களைச் செய்து முடித்தார்கள். பேஜர் போயாச்சு. இன்றைக்கு அந்த வேலையை நம் பாக்கெட்டில் இருக்கும் செல்போன் அலாரமே செய்துவிடும்.

நம் நாட்டுக்கு இந்தத் துறையைக் கொண்டுவந்தவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, மராட்டியர் ஒருவரை மணந்து, இந்தியராகவே வாழ்ந்தவர். 1950-ல் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் அவர் ஆரம்பித்த பள்ளிதான் இங்கே இந்தப் படிப்பின் முதல் விதை. எழுபத்தைந்து வருஷம் தாண்டியும், ஸ்ட்ரோக் வந்து வீடு திரும்பும் நம் ஆட்களில் பலர் பிசியோதெரபிஸ்ட்டைப் பார்த்திருப்பார்கள், இவரைப் பார்த்திருக்கமாட்டார்கள். கை வந்துவிட்டது, நடக்கிறார், ஆனால் 'முன்ன மாதிரி இல்லை, எதையும் ஒழுங்கா முடிக்கறதில்லை, சோம்பேறி ஆயிட்டார்' என்று மனைவி புலம்புவார். எத்தனை வீட்டில் இதனால் சண்டை!

இந்த சிகிச்சை நிஜமாகவே பலிக்கிறதா? மருத்துவ ஆய்வுகளைச் சலித்தெடுத்துத் தீர்ப்பு சொல்லும் 'காக்ரேன்' அமைப்பு, பக்கவாதத்துக்குப் பின் வரும் சிந்தனைக் கோளாறுகளுக்கான ஆக்குபேஷனல் தெரபி பற்றி 2010-ல் தேடியபோது, தேறிய ஆய்வு ஒன்றே ஒன்று. அதில் இருந்தவர்கள் 33 பேர்! 2022-ல் மறுபடி தேடினார்கள். 24 ஆய்வுகள், 1,142 பேர். பொதுவான சிந்தனைத் திறனில், கவனத்தில் கொஞ்சம் முன்னேற்றம் இருக்கலாம்; குளிப்பது, உடுத்துவது போன்ற காரியங்களில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை; சான்றுகள் இன்னும் பலவீனம். இப்படி ஓர் அடக்கமான தீர்ப்பு. ஆரம்பித்து நூறு வருஷத்துக்கு மேலான துறைக்கு இது கம்மி மார்க்தான். ஆனால், ரூத் தடுமாறியது குளிப்பதிலோ உடுத்துவதிலோ அல்ல. ஐந்து பேர் சாப்பாட்டை ஒரே நேரத்தில் மேஜைக்குக் கொண்டுவருவதில். அந்த மாதிரி வேலைகளை அளக்கும் ஆய்வுகள் இன்னும் நிறைய வரவேண்டியிருக்கிறது.

அதுவரை, ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் 'நல்லாப் பேசறாரே' என்று யாராவது சொன்னால், தெரபிஸ்ட்டைக் கூப்பிட்டு, பக்கத்தில் ஆள் நிற்க, அவரையே ஒரு காபி போடச் சொல்லிப் பார்க்கலாம். பாலை முதலில் வைக்கிறாரா, டிகாக்ஷனையா, பொங்கும்போது அடுப்பைக் குறைக்கிறாரா என்று வாயைத் திறக்காமல் கவனித்தால் போதும்.